இடி தலையாட்டினால்தான் பாட்டு

ஜூன் 4

அன்புள்ள இடி மாமாவுக்கு,

குண்டூசி எழுதிக்கொண்டது. இங்கே அம்மா, அப்பா நலம். நான் பத்தாம் வகுப்பு. அங்கே உங்கள் நலத்தையும் உங்கள் பாக்டரிப் பாட்டில்களின் நலத்தையும் அறிய ஆவல்.

(பாட்டில் இருந்தவர் பாட்டிலில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சாப்பாட்டு மேசையில் ஒரு ஜோக் அடித்தேன். அம்மா சிரித்தாள். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.)

விஷயம் இதுதான். உங்கள் ‘மின்வெட்டு’க்கு மறுபடி கரண்ட் வந்துவிட்டது. உங்கள் இசைக்குழுவின் பழைய ஒலிநாடாக்களை வைத்திருக்கும் கம்பெனி, பன்னிரண்டு பாட்டுகளைப் பொறுக்கி ஒரே தொகுப்பாகப் போடப்போகிறது. ‘மின்வெட்டு: வெற்றிப் பாடல்கள்’ என்று பெயர். ‘வெட்டிப் பாடல்கள்’ என்று அச்சடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல் என்றாள் அம்மா. அப்பா எனக்கென்ன என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் குளியலறையில் தலைச்சாய டப்பா வந்திருக்கிறது. அட்டைக்குப் புதுப் போட்டோ எடுப்பார்களாம்.

மின்வெட்டில் ஒரு சட்டம் இருந்ததாமே. பாட்டைப் பதிவு செய்த பிறகு டிரம்ஸ்காரர் (நீங்கள்) தனியாக உட்கார்ந்து முழுக்கக் கேட்பார். அவர் தலையாட்டினால்தான் பாட்டு வெளியே போகும். ஆட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இது கம்பெனிக்காரம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. பாடகர் (அப்பா) சரி என்றுவிட்டார். பேஸ் கிட்டார் ஒட்டகம் சரி என்றுவிட்டார். கீபோர்டுக்காரர் இப்போது பல் டாக்டர், யாரோ ஒருவர் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே சரி என்றாராம். இடி தலையாட்டவில்லை, அதனால் அச்சுக்குப் போகவில்லை.

ஒரு சிக்கலும் இருக்கிறது. பன்னிரண்டாவது பாட்டு ‘கடைசி பஸ்’. உங்கள் கடைசிக் கச்சேரியில் மேடையிலேயே பதிவானது. அதில் பாதிக்கு மேல் டிரம்ஸ் தறிகெட்டு ஓடுகிறது. அந்த டிரம்ஸை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு புதுப் பையனை வைத்து வாசித்துச் சேர்க்கலாம் என்கிறார் அப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அப்பா உங்களுக்கு எழுதமாட்டார். கணவருக்கும் தம்பிக்கும் நடுவில் நின்று அம்மாவுக்குக் கால் வலிக்கிறதாம். அதனால் நான் தபால்காரி. பாக்டரிக்குப் போன் செய்து பார்த்தேன். “அவர் போனுக்கெல்லாம் வரமாட்டாரும்மா, லெட்டர் போடு” என்று வைத்துவிட்டார் வாட்ச்மேன். போன் கடிக்குமா மாமா?

இப்போதைக்குக் குத்தாத அன்புடன்,
குண்டூசி


ஜூன் 23

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். அக்காவும் உன் அப்பாவும் நலம் என்று படித்து நிம்மதி. பத்தாம் வகுப்புக்கு என் அனுதாபம்.

பதில் தாமதமாகிவிட்டது. இந்த மாதம் ஷிப்டை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றுகிற வரைதான் தெம்பு இருக்கிறது. சில நாள் அதுவும் இல்லாமல் செருப்போடு தூங்கியிருக்கிறேன்.

என் வேலையைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கழுவின பாட்டில்கள் பெல்ட்டில் இடித்துக்கொண்டு ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. அதனால் இங்கே எல்லோருக்கும் கைப்பேச்சுதான். கட்டைவிரலை வாய்க்கு நேராகக் காட்டினால் டீ. பேண்ட்டை மேலே இழுத்துவிட்டால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். ஒருநாள் ஒருவனுக்குப் பேண்ட் நிஜமாகவே நழுவ, அவன் இழுக்க, வரிசையில் இருந்த அத்தனை பேரும் விறைப்பாக நின்றோம்.

பாட்டு விஷயம். நான் சரி சொன்னதாகச் சொல்லிவிடு. புதுப் பையனே வாசிக்கட்டும். எனக்கு அதில் ஒன்றுமில்லை.

சாயம் பூசும்போது காது மடலைத் துடைத்துக்கொள்ளும்படி உன் அப்பாவிடம் சொல். அந்த நாளிலேயே அதை மறந்துவிடுவான். போனில் பேச எனக்கு வராது. எழுது.

மாமா


ஜூலை 5

அன்புள்ள இடி மாமாவுக்கு,

நலமா? நலம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

கேட்காமலே தலையாட்டினால் அது தலையாட்டலா? அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் கார் முகப்பில் ஒரு பொம்மை நாய் இருக்கிறது. வண்டி குலுங்கினால் அதுவும் தலையாட்டும். அதன் பெயரை இடி என்று மாற்றிவிடட்டுமா? உங்கள் டிரம்ஸை எடுத்துவிட்டு வேறொருவரை வாசிக்கச் சொல்கிறார்கள், நீங்கள் இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை அம்மா படித்துக் காட்டினாள். உங்கள் கையெழுத்து அவளுக்கு மட்டும்தான் புரிகிறது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பதன் பயன். புதுப் பையன் வாசிக்கட்டும் என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். அப்பா சோபாவில் இருந்தார். டிரைவிங் சொல்லிக்கொடுத்துப் பழகி, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் வலது கால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் நின்றது.

“சரின்னுதான் சொல்லுவான். வேற என்ன சொல்லுவான்? அன்னைக்குக் குடிச்சுட்டு வந்து வாசிச்சான். அத்தன பேருக்கு முன்னாடி மானத்த வாங்கிட்டு, ஒரு வார்த்த சொல்லாம பஸ் ஏறிட்டான்.”

“என் தம்பிக்கு அந்த வாசனையே ஆகாது” என்றாள் அம்மா.

பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்டார்கள். பாட்டில் ஜோக்குக்கு அப்பா ஏன் எழுந்து போனார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேராகவே கேட்கிறேன். குடித்திருந்தீர்களா? ஆமாம் என்றாலும் நீங்கள் என் மாமாதான். எனக்குத் தெரிந்தால் போதும்.

கம்பெனி அனுப்பிய மாதிரிக் கேசட்டை இதோடு வைத்திருக்கிறேன். சட்டப்படி முழுக்கக் கேட்டுவிட்டு, பாட்டுப் பாட்டாக எழுதுங்கள். மூன்றாவதைக் கூட்டத்துக்கு நடுவில் போட வேண்டாம்.

அரை அன்புடன் (மீதி கேட்ட பிறகு),
குண்டூசி


ஜூலை 27

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். முதுகு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அக்காவுக்குக் கால் வலி எப்படி? நாள் முழுக்க கவுன்ட்டரில் நிற்காமல் இடையிடையே உட்காரச் சொல்.

கேசட் வந்தது. கேன்டீன் பிளேயரை வாங்கி வைத்து முழுவதும் கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. உன் அப்பா குரல் அப்படியே இருக்கிறது என்று சொல். மூன்றாவதில் கிட்டார் இன்னும் கூர்மை. நடுவில் ஒன்றில் டிரம்ஸ் பலமாக வந்திருக்கிறது, நான்தான் வாசித்தேனா என்று எனக்கே சந்தேகம். கடைசியில் கூட்டத்தின் சத்தம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. எல்லாம் சரி. தலையாட்டிவிட்டேன்.

இங்கே போன வாரம் விரிசல் பாட்டில் ஒன்று நிரப்புகிற இடம்வரை போய் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. என் பக்கத்தில் நிற்கும் மீசைக்காரர் விரிசலைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். அதற்குக் கண் எரிகிறது, அவ்வளவுதான்.

நன்றாகப் படி.

மாமா


ஆகஸ்ட் 3

மாமாவுக்கு,

இங்கே யாரும் நலமில்லை என்று எழுத ஆசை. ஆனால் நலமாகத்தான் இருக்கிறார்கள்.

மாட்டிக்கொண்டீர்கள்.

நான் அனுப்பிய கேசட்டில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. கம்பெனி லேபிளைப் பிரித்து வேறொரு கேசட்டில் ஒட்டி, ஒரு வாரம் பாடுபட்டு நானே பதிவு செய்தது. நீங்கள் போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு பக்கமாவது என்னைத் திட்டி எழுதுவீர்கள் என்று நினைத்தேன். நிஜக் கேசட் என் மேசை டிராயரில் இருக்கிறது. திட்டு வந்ததும் அனுப்புவதாகத் திட்டம்.

அப்படியே இருக்கிறது என்று நீங்கள் சொன்ன அப்பா குரல், அவர் காலையில் வாய் கொப்பளிப்பது. கூர்மையான கிட்டார், கணக்கில் நான் வாங்கிய மார்க்குக்காக அம்மா திட்டியது. (அதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.) பலமான டிரம்ஸ், எங்கள் வாஷிங் மெஷின். அதற்கு ஒரு கால் குட்டை. நன்றாகப் பதிவான கூட்டத்தின் சத்தம் எங்கள் டாய்லெட் பிளஷ்.

நீங்கள் அதைப் பிளேயரில் போடக்கூட இல்லை. டிரம்ஸை மட்டும் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டிருக்கிறீர்கள். பாட்டுகள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். என்னிடம் எதற்கு மாமா இது? உங்களுக்கு எதிலும் அக்கறை கிடையாது என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நான் சண்டை போட்டிருக்கிறேன். இனி போடமாட்டேன். களைத்துவிட்டேன்.

குண்டூசி


ஆகஸ்ட் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். பதில் வராததால் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சாரக் கட்டணம்தான் இருக்கிறது. போன கடிதம் கொஞ்சம் ஆழமாகக் குத்திவிட்டதோ? பழிவாங்க நீங்கள் ஒரு காலிக் கேசட் அனுப்பலாம். நான் ‘ஆகா, அற்புதம்’ என்று எழுதுகிறேன்.

அந்தக் கேசட் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புதுப் பையன் வாசித்துவிட்டான். பதிவு செய்கிற இடத்துக்கு அப்பா என்னையும் கூட்டிப் போனார். காதில் ஹெட்போன் மாட்டி, சுவிங்கம் மென்றுகொண்டே ஒரே தடவையில் முடித்துவிட்டான். தப்பே இல்லை. திரும்பும்போது அப்பா காரைப் பாதியில் ஓரமாக நிறுத்தினார். என்ன என்று கேட்டேன்.

“கச்சிதமா வாசிச்சான். அதான்.”

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் படுத்துவிட்டார். தலைச்சாயம் பாதி வெளுத்துவிட்டது. மறுபடி பூசிக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை போலிருக்கிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

மழுங்கிப்போன
குண்டூசி


செப்டம்பர் 12

அன்புள்ள குண்டூசிக்கு,

எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து, பெரிதாக எழுதியிருக்கிறேன். நீயே படிக்க முடியும். இதை அக்காவிடம் எடுத்துப் போகாதே.

உன் கேசட்டை நான் பிளேயரில் போட்டேன். ஆட்கள் போன பிறகு கேன்டீனில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஏதோ ஒன்று திம் திம் என்று கைக்கு வந்தது. டிரம்ஸ் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் நானாக எழுதியது.

எனக்குக் காது கேட்காது. இடது காது மின்வெட்டு இருந்த காலத்திலேயே போய்விட்டது. வலது மெதுவாகப் போனது. முகத்தைப் பார்த்தால் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். இந்தப் பாக்டரியில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால், எனக்குக் கேட்காதது இதுவரை யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் மட்டும் சந்தேகப்படுகிறார். நல்ல மனிதர், கேட்டதில்லை.

உன் அப்பாவுக்குப் பாடும்போது வலது காலால் தாளம் போடும் பழக்கம். கடைசி ஒரு வருஷம் அந்தக் காலைப் பார்த்துத்தான் வாசித்தேன். அந்தக் கச்சேரியில் ‘கடைசி பஸ்’ பாதியில் அவன் மேடை விளிம்புக்குப் போய்விட்டான். பெரிய ஸ்பீக்கர் பெட்டி மறைத்துவிட்டது. கால் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் வாசித்ததெல்லாம் ஊகம். இறங்கி வந்ததும் குடித்திருக்கிறாயா என்று சட்டையைப் பிடித்தான். அவன் வாயைப் பார்த்துத்தான் அதையும் தெரிந்துகொண்டேன்.

நான் மறுக்கவில்லை. குடித்தேன் என்றால் கோபப்படுவார்கள். காது போய்விட்டது என்றால் பாவப்படுவார்கள். மருந்து, டாக்டர் என்று அலைவார்கள், என் முன்னால் பாட்டுப் போடத் தயங்குவார்கள். கோபத்தைத் தூரத்தில் இருந்தே தாங்கிக்கொள்ளலாம். பரிதாபத்துக்குக் கூடவே இருந்து முகம் கொடுக்க வேண்டும்.

பையன் வாசித்தது இருக்கட்டும். உன் அப்பாவிடம் சொல்லாதே. அக்காவிடமும்.

அந்த வாஷிங் மெஷின் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வை. இல்லாவிட்டால் மோட்டார் போய்விடும்.

மாமா


செப்டம்பர் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு வெகுநேரம் இந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கிண்டலுக்கு அளவில்லாமல் போய்விட்டது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். எனக்கு அது புகழ்ச்சியாகவே இருந்தது. இப்போது டாய்லெட் பிளஷ் என்று எழுதிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அட்டை வைத்துவிட்டேன். மெஷின் இப்போது வாசிப்பதில்லை.

மின்வெட்டின் பழைய மேடைப் போட்டோக்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் எதிரே பார்க்கிறார்கள், நீங்கள் மட்டும் குனிந்திருக்கிறீர்கள். ‘திமிர், ஆளை நிமிர்ந்து பார்க்கமாட்டான்’ என்று அப்பா ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய செருப்பை.

அப்பாவிடம் சொல்ல விடுங்கள் மாமா. அடுத்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அட்டையில் டிரம்ஸ் என்ற இடத்தில் கடைசிப் பாட்டுக்குப் பையன் பெயர் வரும். எல்லோரும் அப்பா சொன்னதையே நினைப்பார்கள். இந்த ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். என் பையில் ஏற்கனவே இயற்பியல் இருக்கிறது.

குண்டூசி


அக்டோபர் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். வேண்டாம். நீ சொல்லமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் உன்னிடம் எழுதினேன். உனக்குப் பாரம் என்பதும் தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பாட்டு முடிந்ததும் கூட்டம் என்ன செய்தது? மேடையிலிருந்து பார்த்தபோது நிறையக் கைகள் மேலே தெரிந்தன. வாய்கள் திறந்திருந்தன. கைதட்டினார்களா, இறங்கிப் போகச் சொன்னார்களா என்று எனக்கு இதுவரை தெரியாது. பையன் வாசித்ததில் வேண்டாம். பழையதில் கேட்டு எழுது. எப்படி இருந்தாலும் அப்படியே எழுது.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

மாமா


அக்டோபர் 15

அன்புள்ள இடி மாமாவுக்கு,

நலமா? நான் நலம். அப்பா குளியலறையில் இருக்கிறார், அதைப் பற்றிப் பிறகு.

நீங்கள் கேட்டது முதலில். முதல் பாதியில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது, பஸ் நிறுத்தத்தில் வரிசையில் நிற்பதுபோல. பிறகு உங்கள் டிரம்ஸ் கிளம்பிவிடுகிறது. அப்பா குரல் பின்னால் ஓடி வருகிறது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. ஒட்டகம் ஒரு இடத்தில் விட்டுவிட்டு, மறுபடி ஓடி வந்து தொற்றிக்கொள்கிறார். அப்போது கூட்டம் கைதட்ட ஆரம்பிக்கிறது. அப்பாவின் தாளத்துக்கு இல்லை மாமா, உங்கள் தாளத்துக்கு. நீங்கள் வேகமாகப் போகப் போக அவர்களும் வேகமாகத் தட்டுகிறார்கள். அப்பா பாடி முடித்த பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. முடிந்தது உங்களுக்குத் தெரியவில்லை, இப்போது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தனியாக நீங்கள் அடிக்க அடிக்க ‘இடி, இடி’ என்று கத்துகிறார்கள். அது நிற்கவே இல்லை. நாடாதான் தீர்ந்துபோகிறது.

இனி குளியலறை. கம்பெனிக் கேசட்டில் கடைசிப் பாட்டு இல்லை, அதன் பழைய பதிவு அப்பாவிடம்தான் இருக்கிறது. கேட்டேன். எதற்கு என்றார். முடிந்ததும் கூட்டம் என்ன செய்தது என்று மாமா கேட்டிருக்கிறார் என்றேன்.

“அவனுக்குத் தெரியாதா? அவன்தானே அங்க இருந்தான்?”

நான் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாக. நீங்கள் குனிந்திருக்கும் போட்டோ ஒன்று என் கையில் இருந்தது. அதை மேசைமேல் வைத்தேன். கை வலித்தது, வைத்தேன்.

அப்பா பாட்டைப் போட்டார். டிரம்ஸ் கிளம்பும் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். “இங்கதான் நான் ஓரத்துக்குப் போனேன்” என்று அவராகவே சொல்லிக்கொண்டார். போட்டோவை எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார். அவர் வலது கால் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவரே குனிந்து பார்த்தார். கால் நின்றது.

“எப்பலேர்ந்து?” என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சொல்லாதே என்றீர்கள், சொல்லவில்லை. பேசாமல் இருந்ததே பதிலாகிவிட்டால் நான் என்ன செய்ய? அப்போது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டவர் இன்னும் வரவில்லை. அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

திட்டி எழுதுங்கள். இந்தத் தடவை நியாயமாகவே வாங்கிக்கொள்கிறேன்.

குண்டூசி


அக்டோபர் 17

டேய் மச்சான்,

நலமா என்று கேட்கிறேன். கேட்கத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

பையனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். பாட்டு நீ வாசித்தபடியே வரும். உன் பெயரோடு வரும்.

நான் உன்னைச் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். நீயும் சொல்லியிருக்கலாம். உன் அக்கா இரண்டு பேரையும் திட்டினாள், உன்னுடைய பங்கையும் சேர்த்து நான்தான் வாங்கினேன்.

எனக்கு எழுத வராது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். நீ இன்னும் தலையாட்டவில்லை. கம்பெனிக்காரம்மாவிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.


நவம்பர் 2

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். அக்காவுக்கும் உனக்கும் அதே.

நீ சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உன் மாதிரி ஆளிடம் ரகசியம் சொல்லும்போது, மேசை மேலும் எதையும் வைக்கக் கூடாது என்று சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். கோபமாக இருக்கலாம் என்று பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்து கோபப்பட உடம்பு ஒத்துழைக்கவில்லை.

உன் அப்பா வந்தான். அன்றைக்கும் ஒரு ஷிப்ட் ஓடியது. வாட்ச்மேன் அவனை நேராக பெல்ட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னான். அந்தச் சத்தத்தில் அவன் பேசியது அவனுக்கே கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது. திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கட்டைவிரலை வாய்க்கு நேராகக் காட்டினேன். பயணக் களைப்பில் இருந்தவனுக்கு அது மட்டும் உடனே புரிந்தது.

டீ குடித்துவிட்டு கேன்டீனில் உட்கார்ந்தோம். மீசைக்காரர் ஆட்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். உன் அப்பா பிளேயரில் கேசட்டைப் போட்டான். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டான். பேண்ட்டை இழுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, வெளியே ஆட்கள் பதறி விறைத்து நின்றார்கள். அவனுக்கு அது தெரியாது.

முதல் பாட்டிலிருந்து காலால் தாளம் போட ஆரம்பித்தான். ஒன்று முடிந்தால் நிறுத்தி, விரலால் அடுத்தது எத்தனையாவது என்று காட்டுவான். நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்க பிரேக் மேல் வைத்திருந்தால் வீங்கத்தான் செய்யும், அக்காவிடம் சொல்லி ஏதாவது மருந்து கொடுக்கச் சொல். எனக்கு எல்லாப் பாட்டும் ஞாபகம் வந்தது. கை தானாக மேசையில் தட்டியது.

ஒன்பதாவது பாட்டில் அவனுக்குக் கால் மரத்துப் போய்விட்டது. தாளம் தவறித் தவறி விழுந்தது. நிறுத்தினான். என்னைப் பார்க்காமல் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன மச்சான், குடிச்சுட்டு வந்தியா?” என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா, அழுகிறானா என்று எனக்குக் கேட்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டதால் பார்க்கவும் முடியவில்லை. பிறகு இடது காலை நீட்டி, மீதிப் பாட்டுகளை அதில் போட்டான்.

பன்னிரண்டாவதில் பாதிக்கு மேல் அவன் கால் என்னைப் பின்தொடர்ந்து ஓடியது. பாட்டு முடிந்ததும் கால் நின்றது. நான் தட்டுவதை நிறுத்தவில்லை. அவன் இரண்டு கையையும் மேலே தூக்கித் தட்ட ஆரம்பித்தான். நீ எழுதியது போலவே, நிறுத்தவே இல்லை.

கம்பெனிக்காரம்மாவிடம் சொல். இடி தலையாட்டிவிட்டான். கேட்டுவிட்டுத்தான்.

மாமா